உரோமின் குவிமாடமும் அனந்தபுரத்துக் கல்மண்டபமும்

மன்னர்தம் மெய்க்கீர்த்திகள் மறையலாம், ஓலைச்சுவடிகள் செல்லரிக்கலாம். ஒரு மக்கட்கூட்டம் எதனைப் பெரிதென மதித்தது, எத்துணை உழைக்க வல்லதாயிருந்தது, யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்பவற்றை அதன் பெருங்கட்டடங்கள் மட்டும் மறைக்காமல் சொல்லிக்கொண்டேயிருக்கும். அவ்வாறு சொல்லும் கட்டடங்கள் இரண்டினை இக்கட்டுரையில் அருகருகே வைத்து நோக்குவோம். ஒன்று, கடல் கடந்த உரோம் நகரத்துப் பாந்தியோன் என்னும் குவிமாடக் கோயில். மற்றொன்று, நம் கல்லாற்றிலிருந்து விதுரா, நெடுமங்காடு வழியாகப் பேருந்தில் சென்று இறங்கினால் கிழக்குக் கோட்டையில் நம்மை நேர்நின்று வரவேற்கும் அனந்தபத்மநாப சுவாமி திருக்கோயில்.

இவ்விரண்டையும் ஒப்பிடுதல் பொருந்துமோ என்று சிலர் வினவக்கூடும். இரண்டிற்கும் இடையே பதினாறு நூற்றாண்டுகளின் இடைவெளி உண்டு. சமயம் வேறு, நிலம் வேறு, கட்டும் முறையும் வேறு. எனினும் இரண்டும் தீயில் அழிந்து மீண்டும் எழுந்தவை. கல்லைத் தொலைவிலிருந்து கொணர்ந்து நிறுத்தியவை. கதிரவன் ஒளியைத் தம் உறுப்பாக்கிக் கொண்டவை. பொதுமக்களின் கட்டடம் என்று நாம் சொல்லும்போது அப்பொதுமக்கள் யாவர் என்னும் கேள்வியை இரண்டும் எழுப்புகின்றன. கல்லையே பெயரில் தாங்கிய ஆற்றின் கரையில், பிழைப்பின் பொருட்டுக் குடிவந்து வாழும் தமிழ்க் குடும்பத்தாராகிய நமக்கு அக்கேள்வி தொலைவானது அன்று.

மிளகு இட்ட பாலம்

உரோமுக்கும் இம்மலைநாட்டுக்கும் உள்ள உறவு நாம் கற்பித்துக் கூறுவதன்று. யவனர் மரக்கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு பெயர்ந்த செய்தியைச் சங்க நூல்கள் முசிறித் துறையோடு சேர்த்துப் பேசுகின்றன. உரோம நாட்டறிஞர் பிளினி, தம் நாட்டுச் செல்வம் கிழக்குநாட்டுப் பண்டங்களுக்காக ஆண்டுதோறும் வெளியேறுகிறதே என்று நொந்து எழுதியுள்ளார். எகிப்தின் செங்கடற்கரைப் பெரெனிக்கே துறையில், கோயிலொன்றின் தரையில் புதைந்திருந்த இந்தியச் சாடி ஒன்றினுள் ஏறத்தாழ ஏழரைக் கிலோ மிளகு அகழ்வாளர்க்குக் கிடைத்தது. உரோம் நகரின் நடுவிலேயே மிளகுக்கெனப் பண்டசாலை ஒன்று தொமிசியன் என்னும் பேரரசன் காலத்தில், கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. பியூட்டிங்கர் படம் என வழங்கும் பழைய உரோம வழிப்படத்தில், முசிறியின் அருகே அகத்தசின் கோயில் என ஒரு கட்டடம் குறிக்கப்பட்டுள்ளது. அகத்தசு என்பான் உரோமின் முதற் பேரரசன். சேரநாட்டுக் கரையில் உரோம வணிகர் தம் பேரரசனுக்குக் கோயில் கண்டனர் என்றே அறிஞர் பலர் இதற்குப் பொருள் கொள்வர். அக்கோயிலின் கல் ஒன்றும் இதுவரை கிடைத்திலது. பட்டணம் என்னும் ஊரில் 2007ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்த அகழ்வுகளில் உரோமநாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் பல கிடைத்துள்ளன. உரோமரின் கட்டடக்கலையை நாம் பார்க்க வேண்டுமெனில் உரோமுக்கே செல்ல வேண்டும். செல்வோம்.

வானத்தைக் கவிழ்த்து வைத்த கோயில்

பாந்தியோன் என்பதற்கு எல்லாத் தெய்வங்களுக்கும் உரியது என்று பொருள். அகத்தசின் நண்பனும் படைத்தலைவனுமாகிய அக்ரிப்பா கி.மு. 27ஐ ஒட்டிய ஆண்டுகளில் முதற் கோயிலைக் கட்டினான். கி.பி. 80இல் உரோமில் பரவிய பெருந்தீ அதனை அழித்தது. புதுக்கிய கட்டடமும் கி.பி. 110இல் இடிவிழுந்து எரிந்தது. இன்று நாம் காண்பது மூன்றாவது கட்டடம். ஹேட்ரியன் என்னும் பேரரசன் காலத்தில், கி.பி. 126ஐ ஒட்டி முற்றுப்பெற்றது.

இதன் உள்வடிவம் மிக எளிய ஒரு கணக்கில் அமைந்தது. வட்டமான கூடத்தின் குறுக்களவு 43.3 மீட்டர். தரையிலிருந்து குவிமாடத்தின் உச்சி வரை உள்ள உயரமும் அதே 43.3 மீட்டர். பெரிய உருண்டை ஒன்றை உள்ளே வைத்தால் அது தரையையும் கூரையையும் தொட்டு நிற்கும். இரும்புக் கம்பி இல்லாமல் காரையால் கட்டிய குவிமாடங்களுள் இதனினும் பெரியது இன்றளவும் உலகில் இல்லை.

இது நின்ற வகை யாது? உரோமர் சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைக் கலந்து, கல்துண்டுகளை இட்டு, நீரிலும் இறுகும் காரை ஒன்றைச் செய்தனர். அதனை எங்கும் ஒரே வகையாக இடவில்லை என்பதுதான் அவர்தம் அறிவு. அடித்தளத்தில் கனமான கல்துண்டுகளையும், மேலே செல்லச் செல்ல இலேசான செங்கல் துண்டுகளையும், உச்சியில் நீரில் மிதக்கும் நுரைக்கல்லையும் சேர்த்தனர். அடியில் சுவர் 6 மீட்டர் பருமன். உச்சியில் கூரை 1.2 மீட்டர் பருமனே. உட்புறத்தில் ஐந்து வரிசைகளாக, வரிசைக்கு 28 குழிகள் குடைந்து பளுவைக் குறைத்தனர். உச்சியின் நடுவே ஏறத்தாழ 9 மீட்டர் அகலத்தில் வட்டமான வாய் ஒன்றைத் திறந்தே விட்டனர். அவ்வாய் வழியே வெயிலும் மழையும் உள்ளே வரும். தரையை நடுவில் சிறிது மேடாக்கிச் சிறு துளைகள் இட்டிருப்பதால் மழைநீர் வடிந்துவிடுகிறது.

முன்மண்டபத்தில் 16 கருங்கல் தூண்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரே கல். ஏறத்தாழ 12 மீட்டர் உயரம். 60 டன் எடை. இவை எகிப்து நாட்டு மலைகளில் வெட்டி, நைல் ஆற்றிலும் நடுக்கடலிலும் மிதந்து, தைபர் ஆற்றின் வழியாக உரோமை அடைந்தவை.

தீக்குப் பின் எழுந்த திருக்கோயில்

இனி நம் அருகிலுள்ள கோயிலுக்கு வருவோம். வைணவத் திருப்பதிகள் நூற்றெட்டனுள் திருவனந்தபுரமும் ஒன்று. நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் இத்தலத்தைப் பாடியுள்ளார். தமிழ்ப் பாசுரத்தில் இடம்பெற்ற பின்னரே திருவிதாங்கூர் என்னும் அரசு தோன்றியது என்பதை நம் இளைஞர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

1686ஆம் ஆண்டில் இக்கோயிலைப் பெருந்தீ தாக்கியது. பின்னர் மார்த்தாண்ட வர்மர் (ஆட்சி 1729–1758) காலத்தில்தான் கோயில் இன்றைய பேருருவைப் பெற்றது. முன்னர் இலுப்பை மரத்தால் அமைந்திருந்த திருமேனிக்கு மாற்றாக, கண்டகி ஆற்றிலிருந்து வருவித்த 12,008 சாளக்கிராமங்களைக் கொண்டு, கடுசர்க்கரை யோகம் என்னும் கலவை முறையில், 18 அடி நீளமுள்ள அறிதுயில் கோலம் அமைக்கப்பட்டு 1739இல் நிறைவுற்றது. அங்கே உரோமர் கலவையால் கூரையை வார்த்தனர். இங்கே நம் முன்னோர் கலவையால் இறைவன் திருமேனியையே வனைந்தனர். 1750 சனவரியில் மன்னர் தம் நாடு முழுவதையும் இறைவன் திருவடியில் ஒப்படைத்து, பத்மநாபதாசர் என்னும் பெயரில் ஆளத் தொடங்கினார்.

கருவறைக்கு முன்னுள்ள ஒற்றைக்கல் மண்டபம் சற்று நின்று எண்ணிப் பார்க்கத்தக்கது. 20 அடிச் சதுரமும் இரண்டரை அடி கனமும் உள்ள ஒரே கருங்கல் அது. நகருக்குக் கிழக்கேயுள்ள திருமலையில் வெட்டிக் கொணர்ந்தது. அதன் கன அளவு ஆயிரம் கன அடி. ஒரு கன அடிக் கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ எனக் கொண்டால், அக்கல்லின் எடை 75 டன் ஆகிறது. பாந்தியோன் தூண் ஒன்றினும் இது கனமானது. உரோமர்க்கு ஆறும் கடலும் சுமை தாங்க உதவின. திருமலையிலிருந்து கோட்டைக்குள் வரும் வழியிலோ கப்பல் ஓடாது. யானையும் மனிதத் தோளும் வடக்கயிறும் உருளைக்கட்டையுமே இத்தகு பாரத்தைத் தரைவழியே நகர்த்த வல்லவை.

அடுத்தது சீவேலிப்புரை என்னும் சுற்று மண்டபம். இதில் 365 தூண்களும் ஒரு காற்பங்கும் உள்ளன என்று கணக்குச் சொல்வது மரபு. இதனைக் கட்டி முடிக்க 4,000 கல்தச்சரும் 6,000 தொழிலாளரும் 100 யானைகளும் ஆறு மாத காலம் உழைத்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. தூண்தோறும் விளக்கேந்திய பாவை நிற்கிறாள். மாலையில் எண்ணெய் விளக்குகள் ஏற்றப்படும்போது கல்லே ஒளி தருவதுபோல் தோன்றும்.

கிழக்கு வாயிலில் நிற்கும் கோபுரத்துக்கு 1566இல் கால்கோள் இடப்பட்டது. ஐந்து நிலைகள் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் எழுந்தன. எஞ்சிய இரண்டும் அவர்க்குப் பின் ஆண்ட கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் காலத்தில் நிறைவுற்றன. ஏறத்தாழ 100 அடி உயரமும் ஏழு நிலைகளும் ஏழு பொற்கலசங்களும் கொண்ட இக்கோபுரம் பாண்டிநாட்டு வழியில் அமைந்தது. உள்ளே சென்றால் கருவறையின் கூரை மலைநாட்டு மழைக்கேற்பச் சரிந்து இறங்குகிறது. வாயிலில் தமிழகம், உள்ளே மலைநாடு. இரண்டும் ஒரே மதிலுக்குள் பிணக்கின்றி வாழ்கின்றன. கோபுரத்தின் அடித்தளத்திலுள்ள நாடகசாலையில் திருவிழாக் காலத்தில் கதகளி நிகழும். அத்திருவிழாக்களின் பெயர்களைக் கேளுங்கள்: பைங்குனி, அல்பசி. மீனம், துலாம் என்று மாதங்களுக்குப் பெயர் வழங்கும் நாட்டில், கோயில் மட்டும் பங்குனியையும் ஐப்பசியையும் விடாமல் வைத்திருக்கிறது.

ஒளியும் கணக்கும்

பாந்தியோனின் உச்சிவாய் வழியே விழும் ஒளிவட்டம் நாள்தோறும் சுவரில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஏப்பிரல் 21ஆம் நாள் நண்பகலில் அது வாயிலின் மீது படியும். அந்நாள் உரோம் நகரம் பிறந்த நாள் என்பது அந்நாட்டு மரபு. பேரரசன் அவ்வேளையில் வாயிலில் நுழைந்தால் கதிரவனே அவனை வரவேற்பதுபோல் இருந்திருக்கும்.

அனந்தபுரத்துக் கோபுரமோ நேர் கிழக்கு மேற்காக நிற்கிறது. பகலும் இரவும் ஒத்த நாள்களாகிய மார்ச்சு, செப்டம்பர் மாதங்களின் மூன்றாம் கிழமையை ஒட்டி, மேற்கே இறங்கும் கதிரவன் கோபுரத்தின் நிலைவாயில்கள் வழியே ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகிறான். உச்சி நிலையில் முதலில் ஒளிர்ந்து, சில நிமிட இடைவெளியில் அடுத்த நிலைக்கு இறங்கி, படிக்கட்டில் கால்வைத்து வருவான் போல் வருகிறான். திசையைச் சிறிது தவறிக் கணித்திருந்தாலும் இக்காட்சி வாய்த்திராது.

சீவேலிப்புரையின் தூண்கணக்கையும் இதனோடு சேர்த்து நோக்குதல் தகும். கதிரவன் ஓராண்டுச் சுற்றை முடிக்க ஏறத்தாழ 365 நாளும் காலும் ஆகும். உரோமின் சூலியசு சீசர் கி.மு. 45இல் நடைமுறைக்குக் கொணர்ந்த நாட்காட்டியும் இதே 365¼ நாளை ஆண்டாகக் கொண்டதே. அக்காற்பங்கினை ஒரு மக்கள் நான்காண்டுக்கொரு நாளாக எழுதினர். மற்றொரு மக்கள் தூண்கணக்கில் ஏற்றிக் கல்லாகச் சொன்னார்கள்.

யார் கட்டியது, யாருக்காகக் கட்டியது?

பாந்தியோனின் நெற்றியில், மூன்று முறை கன்சல் பதவி வகித்த அக்ரிப்பா இதனைச் செய்தான் என்னும் பொருள்பட இன்றும் எழுத்துகள் உள்ளன. உண்மையில் இக்கட்டடத்தை அவன் பார்த்ததே இல்லை. ஹேட்ரியன் தன் பெயரை எழுதாமல் பழைய பெயரையே நிறுத்தினான். அரசர்களுக்கு இவ்வாறு ஒருவர்க்கொருவர் பெருமை ஈந்துகொள்ள முடிகிறது. எகிப்து மலையில் கல் வெட்டியவன் பெயர் அந்நெற்றியில் இல்லை. சீவேலிப்புரையின் 4,000 கல்தச்சர் பெயரும் அவ்வாறே நமக்குக் கிட்டவில்லை. பணியின் தலைமைச் சிற்பி தைக்காட்டு விஷ்ணுத்திராதன் நம்பூதிரி என்பதை அறிகிறோம். அவர் கணக்கைக் கல்லில் உண்மையாக்கிய கைகளை எண்ணிக்கையாக மட்டுமே அறிகிறோம். அக்காலத் திருவிதாங்கூரில் ஊழியம் என்னும் கூலியில்லாக் கட்டாய உழைப்பு வழக்கில் இருந்தது என்பதையும் இவ்விடத்தே மறவாது குறித்தல் வேண்டும்.

இதனினும் கசப்பான உண்மை ஒன்றுண்டு. இந்நாட்டின் கோயில்களுக்குள் செல்லவும், சிலவற்றின் சுற்றுத் தெருக்களில் நடக்கவும்கூட, தாழ்த்தப்பட்டோர்க்கு நெடுங்காலம் உரிமையில்லாதிருந்தது. அவ்வுரிமைக்காக 1924–25இல் வைக்கத்தில் நடந்த சத்தியாக்கிரகத்தில் ஈரோட்டிலிருந்து வந்து கலந்துகொண்டு சிறை புகுந்தார் பெரியார் ஈ.வெ. இராமசாமி. அடுத்த ஆண்டுகளில் சுசீந்திரத்திலும் அதே போராட்டம் நடந்தது. 1936 நவம்பர் 12ஆம் நாள் சித்திரைத் திருநாள் பாலராமவர்மர் கோயில் நுழைவு ஆணையை வெளியிட்டார். பிறப்பாலோ குலத்தாலோ எந்த இந்துவையும் கோயிலிலிருந்து விலக்கலாகாது என்பது அதன் சாரம். கட்டி முடித்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்ற பின்னரே ஒற்றைக்கல் மண்டபத்தின் எதிரே எல்லாக் குலத்தாரும் நின்று, மூன்று வாயில் வழியே திருமுகமும் உந்தியும் திருவடியும் கண்டனர். அக்கோயில் பொதுக் கட்டடமாயிற்று என்றால், 1739இல் அன்று, 1936இல்தான் அவ்வாறு ஆயிற்று எனலாம். கல்லை நிறுத்துதல் ஒரு பணி. கதவைத் திறத்தல் அதனினும் நெடிய பணி.

பாந்தியோனும் இவ்வாறு கைமாறியே நிலைத்தது. கி.பி. 609ஐ ஒட்டி அது கிறித்தவ ஆலயமாக்கப்பட்டது. உரோமின் பிற கோயில்கள் பலவற்றின் கற்களை மக்கள் பெயர்த்துச் சென்றபோது, வழிபாடு தொடர்ந்ததால் பாந்தியோன் தப்பியது. பயன்படுவோர் உள்ள கட்டடமே பிழைக்கும் என்பது அது கற்பிக்கும் பாடம்.

நம் பங்கு

2011ஆம் ஆண்டில் இத்திருக்கோயிலின் நிலவறைகள் திறக்கப்பட்டபோது உலகமே அங்குள்ள பொன்னைப் பற்றிப் பேசியது. நம் பிள்ளைகளும் அதனையே கேட்டறிந்தனர். பொன் ஆலயத்துக்கு உரியது. நமக்குரியது கல். திருமலையிலிருந்து கோட்டைக்கு வந்த 75 டன் கல்லையும், காற்பங்கு நாளையும் விடாத கணக்கையும், பைங்குனி என்னும் சொல்லையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோம்.

இந்நகரோடு தமிழுக்குள்ள உறவு அறுந்துபோனதும் அன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. மன்னர் பழைய தலைநகராகிய பத்மநாபபுரம் தமிழ்நாட்டுக்குள் வந்தது. மன்னர் கோயில் கேரளத்தில் நின்றது. எனினும் இன்றும் ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன், பத்மநாபபுரத்துச் சரசுவதி அம்மனும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் எல்லை கடந்து அனந்தபுரம் எழுந்தருள்கின்றனர். அச்சரசுவதி கம்பர் வழிபட்டவள் என்பது வழிவழி நம்பிக்கை. இரு மாநிலத்தாரும் கூடி வரவேற்க, விழா முடிந்ததும் தம் ஊர் திரும்புகின்றனர். பிழைப்பைத் தேடி எல்லை கடந்து வந்து, பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஊர் சென்று திரும்பும் நம் குடும்பங்களுக்கு இதனினும் ஆறுதலான காட்சி வேறென்ன வேண்டும்?

ஆயினும் இது எம்முடையது என்று தமிழர் உரிமை கொண்டாடவோ, அது எம்முடையது என்று பிறர் விலக்கவோ இக்கட்டடம் இடந்தரவில்லை. கோபுரத்தைப் பெயர்த்தால் கோயிலில்லை. சரிந்த கூரையைப் பெயர்த்தாலும் கோயிலில்லை. குடிவந்தோரும் குடியிருந்தோரும் சேர்ந்தே ஒரு நாட்டைக் கட்டுகின்றனர் என்பதற்கு இதனினும் பெரிய சான்றை நாம் எங்கும் தேட வேண்டுவதில்லை.

இன்னும் ஒன்று. இந்துக்கள் அல்லாதார் இன்றும் இக்கோயிலுள் செல்லுதல் இயலாது. நம்மவருள் கிறித்தவரும் இசுலாமியரும் உளர். அவர்கள் ஒற்றைக்கல் மண்டபத்தைக் கேள்வியாலேயே அறிவர். ஆனால் ஒத்தநாள் மாலையில் கோபுர நிலைகள் வழியே கதிரவன் இறங்கும் காட்சி மதிலுக்கு வெளியே, கிழக்கு நடையில் நின்று காண்பது. அதற்கு வாயிலும் இல்லை, காவலும் இல்லை. வரும் மார்ச்சு மாதத்தில் நம் குடும்பங்கள் பிள்ளைகளோடு ஒரு மாலை சென்று அங்கே சேர்ந்து நிற்கலாம். பெயர் தெரியாத கல்தச்சர்களின் கணக்கு பிழையாததை, எந்தச் சமயத்தாராயினும் நாம் அனைவரும் ஒருங்கே கண்ணால் காணலாம்.